ழ ஒன்பது டிகிரி, ற பதினான்கு டிகிரி

கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சொல்வதற்கென்ன, சுலபம். இமை மூடிக்கொண்டது, அதற்குப் பின்னால் ஓடுகிறதை யார் மூடுவது? மருந்து முதலில் சில்லென்று இருந்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்கு எப்படி வந்தது என்று கேட்கலாமென்றால் ஆள் இல்லை. "இன்னும் ரெண்டு தடவை விடணும்மா, முக்கால் மணி நேரம் ஆகும். கூட யாரு வந்திருக்கா?" என்று அவள் கேட்டபோது சுகிர்தா, "வந்துட்டிருக்காங்க" என்றாள். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய் இதைவிடப் பெரியது. மருந்து விடுவதற்கு முன்னால் ஒரு பெண் கட்டம் போட்ட அட்டையை நீட்டி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுவிலிருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். கோடெல்லாம் நேராக இருக்கிறதா, எங்கேயாவது வளைந்து தெரிகிறதா என்று கேட்டாள். புள்ளிக்குப் பக்கத்துக் கோடுகள் நாலும் தண்ணீருக்குள் கிடக்கிற கம்பி மாதிரி வயிறு தள்ளி நின்றன. "எல்லாம் நேரா இருக்கு" என்றாள் சுகிர்தா. அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டாள். மூன்று வாரமாகக் கதவு நிலை வளைகிறது, கம்ப்யூட்டர் திரையில் நேர்கோடு நடுவில் இடுப்பை ஒடிக்கிறது, அதைக் காட்டத்தானே லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கி வந்தாள். வந்த இடத்தில் நேராக இருக்கிறது என்றால் அது என்ன புத்தி? ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். மடியில் இருந்த காகித உறையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

உறைக்குள் இரண்டு தாள், ஒரு நாவலின் இரண்டு பக்கம். ராயப்பேட்டையில் பரஞ்சோதி சாரின் பதிப்பகத்தில் பதினோரு வருஷமாகப் புத்தகங்களுக்கு லே-அவுட் செய்கிறவள் அவள். எத்தனையோ புத்தகம் வந்தது, போனது, இந்த நாவல் மட்டும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. ராசாயி என்று ஒரு மருமகள், முப்பது வருஷம் மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் மனசுக்குள் ஒன்றுக்கு ஒன்பதாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வெளியே நடப்பது நேர் எழுத்தில், ராசாயி மனசுக்குள் பேசுவது சாய்வெழுத்தில் வரவேண்டும் என்று எழுதியவர் கேட்டிருந்தார். என்று நினைத்தாள், என்று எண்ணினாள் என்கிற வாலெல்லாம் கிடையாது, எழுத்தைப் பார்த்தே தெரியவேண்டும். அதற்கென்ன, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, சாய்வுக்கான பட்டனை ஒரு தட்டு தட்டினால் பன்னிரண்டு டிகிரியில் எல்லாம் சாய்ந்துவிடும் என்றார் பரஞ்சோதி சார். சாய்ந்துவிடும்தான். லாரி இடித்த மைல்கல் கூடத்தான் சாய்ந்து நிற்கிறது. 'ட' பின்னால் தள்ளிய நாற்காலி மாதிரி ஆகிவிடும். 'ப' பெட்டி நசுங்கிவிடும். புள்ளி தன் எழுத்தை விட்டு நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேர் எழுத்து அக்கா என்றால், அக்காவைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் தங்கச்சி ஆகிவிடுவாளா? தங்கச்சி தனியாகப் பிறக்கவேண்டும். மூன்று வருஷமாகச் சுகிர்தா வீட்டில் உட்கார்ந்து அந்தத் தங்கச்சியைத்தான் வரைந்துகொண்டிருந்தாள், அ முதல் ன் வரை, ஒவ்வொன்றாக, கை வேகமாக எழுதினால் எப்படி ஓடுமோ அப்படி. போன வியாழக்கிழமை கொண்டுபோய்ச் சார் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, இது அவர் ஒருவருக்குத்தான் தோன்றும், மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துத் தாளின்மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக அளந்தார். "க பதினொண்ணு. ழ ஒன்பது. ற பதினாலு. ட என்னம்மா ஆறுதான் வருது? ஒண்ணு ஒரு பக்கம் போகுது, ஒண்ணு இன்னொரு பக்கம் போகுது. கண்ணு சரியா தெரியுதா உனக்கு?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அது விளையாட்டாக இல்லை.

அங்கேதான் மனசு மாட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு நகரவே இல்லை. இந்தக் கோணமெல்லாம் வேண்டுமென்று போட்டதா, கண் போட்டதா? மூன்று வருஷம் வரைந்தது சரி, கடைசித் திருத்தம் எல்லாவற்றையும் செய்தது இந்த ஒரு மாதத்தில். கண் எப்போது வளைய ஆரம்பித்தது? கதவு நிலையைக் கவனித்தது மூன்று வாரத்துக்கு முன்னால், கவனிக்காமல் எத்தனை நாளோ. 'ற'வை நான்தான் பதினாலுக்குக் கொண்டுபோனேன், அதற்குக் கால் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, ஓடுகிறவன் முன்னால் குனிந்துதானே ஓடுவான் என்று நினைத்துத்தான் போட்டேன். நினைத்துப் போட்டேனா, போட்ட பிறகு நினைத்தேனா? 'ழ' வயிறு கனத்த எழுத்து, ஒன்பதுக்கு மேல் சாய்த்தால் கவிழ்ந்துவிடும், அதனால் ஒன்பது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதுதான் பயமாக இருக்கிறது, கோணலாகப் போட்டவனுக்கும் கேட்டால் காரணம் இருக்கும். கட்டம் போட்ட அட்டையைப் பார்த்து வளைகிறது என்று வாயால் சொன்னால் அது ஃபைலில் ஏறிவிடும், ஃபைலில் ஏறினால் பரஞ்சோதி சார் சொன்னது சரி என்றாகிவிடும், மூன்று வருஷமும் ஒரு நோயாளியின் கோணல் என்றாகிவிடும். அதனால் நேராக இருக்கிறது என்றாள். கண் போனாலும் பரவாயில்லை, எழுத்து போகக்கூடாது என்று இருந்தது அந்த நிமிஷத்தில். இப்போது எரிகிற கண்ணோடு உட்கார்ந்து யோசித்தால், கண் போனால் எழுத்து எங்கேயிருந்து வரும், அட பைத்தியமே என்று தோன்றியது.

இமைக்குள் சிவப்பாக இருந்தது, சிவப்பில் கறுப்பாக ஓர் எழுத்து மிதந்தது. தமிழ் எழுத்து இல்லை, இங்கிலீஷ் 'f'. அவளுக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். சென்னைக்கு வந்த புதிதில் பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலை. அங்கே முந்நூறு வருஷப் பழசான ஒரு இங்கிலீஷ் எழுத்து இருந்தது, நுனிகளில் சின்னச் சின்னப் பாதம் வைத்தது. மாப்பிள்ளையின் படிப்பும் அப்பா பெயரும் அதில் நேராக நிற்கும், மாப்பிள்ளை, பெண் பெயர் மட்டும் அதன் இட்டாலிக்கில் சாயும். "பேரு கொஞ்சம் ஸ்டைலா சாயட்டும்" என்பார்கள் வருகிறவர்கள், ஸ்டைல் என்றால் அவர்களுக்குச் சாய்வுதான். சுகிர்தா அந்த இட்டாலிக்கைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்ப்பாள். நேராக நின்றபோது கோட்டின்மேல் ஒற்றைக் காலில் நின்ற 'f', சாய்ந்ததும் காலைக் கோட்டுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டது. 'a' தலைமேல் இருந்த கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வயிறாக வந்தது. 'h' முழங்காலை உள்ளே மடக்கிக்கொண்டது. எல்லாம் கொஞ்சம் மெலிந்து நெருங்கி நடந்தன, ஆதியில் இந்தச் சாய்வே சட்டைப்பைக்குள் போகிற சின்னப் புத்தகத்துக்காக வெனிஸில் பிறந்தது என்று பிற்பாடு படித்தாள். எழுத்தை யாரும் தள்ளிச் சாய்க்கவில்லை, வேகமாக எழுதுகிறவன் கையிலிருந்து எடுத்தார்கள். அப்புறம் அதற்கு வேலைகள் வந்தன. கப்பல் பெயர், புத்தகத்தின் பெயர், கிருமியின் லத்தீன் பெயர், அந்நியச் சொல், அழுத்திச் சொல்லவேண்டிய சொல், இப்போது தன் கண்ணுக்குள் போன மருந்தின் அட்டையில் கூட ஏதாவது ஒரு மூலையில் சாய்ந்துகொண்டிருக்கும். அந்தக் கல்யாணப் பத்திரிகை எழுத்தில் பெரிய 'A' ஒரு அளவு சாயும், 'V' இன்னொரு அளவு சாயும், ரெண்டும் ஒத்துப்போகவே போகாது. அதைச் செதுக்கினவனிடம் யாராவது கோணமானியோடு போனார்களா? முந்நூறு வருஷமாக ஊரெல்லாம் அழகு அழகு என்கிறது. இங்கிலீஷ் சாய்ந்தால் அழகு, தமிழ் சாய்ந்தால் கண் டாக்டரிடம் போ. அவளுக்குக் கோபம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது வருகிற கோபத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நாகர்கோவிலில் நாலாம் வகுப்பு படிக்கிறபோதே இது ஆரம்பித்துவிட்டது. இங்கிலீஷுக்கு நாலு கோடு நோட்டு, அதில் சாய்த்து எழுதினால் கர்சிவ் என்று எஸ்தர் டீச்சர் நட்சத்திரம் போடுவாள். தமிழுக்கு ரெட்டைக் கோடு நோட்டு, அதில் அதே கை, அதே பேனா, அதே சாய்வு, விரல் முட்டியில் ஸ்கேல் அடி. "எதுக்கு பிள்ளே சாய்க்க? காத்தா அடிக்கு?" என்பாள். ஒரு பீரியடில் நட்சத்திரம், அடுத்த பீரியடில் அடி. அந்த வருஷம்தான் சர்ச்சில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற இங்கிலீஷ் ஆராதனையில் அவளை ஜெபம் வாசிக்க நிறுத்தினார்கள். ஜெபப் புத்தகத்தில் வாசிக்கவேண்டியது நேர் எழுத்தில் இருக்கும், இங்கே எழுந்து நிற்கவும், இங்கே முழங்காலில் நிற்கவும் என்பதெல்லாம் இட்டாலிக்கில் இருக்கும், அதை வாசிக்கக்கூடாது, செய்யவேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சாய்ந்ததையும் சேர்த்து, சபையார் அனைவரும் இங்கே முழங்காலில் நிற்பார்கள் என்று இங்கிலீஷில் மைக்கில் முழங்கினாள். பின்வரிசையில் சிரித்தார்கள். அம்மா முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டாள். வெட்கத்தில் காது எரிந்தபோதும் ஒன்று தோன்றியது அவளுக்கு, அது இன்றுவரை போகவில்லை. ஒரே பக்கத்தில் சத்தமுள்ள எழுத்தும் இருக்கிறது, சத்தமில்லாத எழுத்தும் இருக்கிறது, பார்த்தால் தெரிகிறது. தமிழில் அப்படிச் சத்தமில்லாத எழுத்து ஏன் இல்லை என்று ஒன்பது வயதில் கேட்டிருந்தால் அதற்கும் அடிதான் விழுந்திருக்கும். அவள் கேட்காமல் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் இரண்டாவது சொட்டு விட்டுவிட்டுப் போனாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் பால் கொட்டின மாதிரி பரவியிருந்தது, கையில் இருந்த போன் வெறும் வெளிச்சக் கட்டியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள், பெயர் ஜெகதா, திருத்தணிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், புருஷனுக்குக் கண்புரை, உள்ளே லென்ஸ் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன் டிங் என்றது. சுகிர்தா அதை மூக்கருகே கொண்டுபோனாள், தூரத்தில் பிடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. "குடும்மா, நான் படிக்கிறேன். மருந்து உட்டா அப்டிதான், ஒண்ணும் தெரியாது" என்று ஜெகதா போனை வாங்கிக்கொண்டாள். வாங்கினவள் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலிலேயே படித்தாள். "சுகிர்தா, நாலு மணிக்கு பிரஸ்ஸுக்கு ஃபைல் போகணும். பன்னெண்டு டிகிரி சாய்ச்சு அனுப்பிடு. உன் எழுத்து நல்லாதான் இருக்கு, ஆனா கோணல் கோணலா தெரியுது. படிக்கிறவன் திட்டுவான். முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணிக்கம்மா. பரஞ்சோதி." படித்துவிட்டு, "அதான் இங்க வந்து குந்திக்கீறியே, சொல்லு அந்த ஆளுக்கு" என்றாள். ரெண்டு மூன்று பேர் சிரித்தது கேட்டது. சுகிர்தா லீவு கேட்டபோது உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லியிருந்தாள், கணக்கெடுத்தால் அதையும் சேர்த்து மூன்று பொய்.

"அக்கா, இன்னும் ரெண்டு தாள் படிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியாது. உறையிலிருந்து மேலே இருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள், அது பட்டனைத் தட்டிச் சாய்த்தது என்பது அவளுக்குத் தெரியும், முனையை மடித்து வைத்திருந்தாள். ஜெகதா தொண்டையைச் செருமினாள். "கிழவி கட்டிலில் படுத்தபடி தண்ணீர் எங்கே என்றாள். ராசாயி அம்மியை விட்டு எழுந்தாள். பானையில்தான் இருக்கிறது. கால் இருக்கிறதல்லவா, போய் எடுத்துக் குடிக்கட்டும். சொம்பைக் கழுவித் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள்." ஒரே குரல், ஒரே வேகம், ஒரே சத்தம். படித்தவள் நின்றாள். "இன்னாம்மா இது, போய் எடுத்துக் குடிக்கட்டும்னு யாரு சொல்றா? மருமவளா? அப்பால அவளே எடுத்தாந்து குடுக்கறாளே. எழுத்து வேற மழையில ஊறினாப்ல கீது." சுகிர்தா தன் எழுத்தில் இருந்த இரண்டாவது தாளை நீட்டினாள். ஜெகதா படித்தாள். "கிழவி ஒரு வாய் வைத்துவிட்டு உப்புக் கூடிவிட்டது என்றாள். ராசாயி தலையைக் குனிந்துகொண்டு குழம்புச் சட்டியை எடுத்தாள்." அங்கே ஒரு கணம் நின்றாள். பிறகு குரல் இறங்கியது. கூடத்துக்கெல்லாம் கேட்ட குரல் இப்போது சுகிர்தாவின் காதுக்கு மட்டும் வந்தது, மெதுவாக, அடுப்படியில் பாத்திரத்துக்குள் பேசுகிற மாதிரி. "கூடத்தான் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். நாளைக்கும் போடுவேன்." அடுத்த வரிக்கு வந்ததும் குரல் மறுபடி மேலே ஏறிக்கொண்டது. "வேறு குழம்பு வைக்கட்டுமா அத்தை என்று கேட்டாள்." ஜெகதா சிரித்தாள். "பொல்லாதவ இவ."

கண்ணை மூடிக்கொண்டே சுகிர்தா கேட்டாள். "அக்கா, நடுவுல ஏன் மெதுவா படிச்சீங்க?" "மெதுவாவா படிச்சேன்?" என்று அவள் யோசித்தாள். "அது அவ மனசுக்குள்ள சொல்லிக்கறா இல்ல, அதைப் போயி கத்துவாங்களா?" "மனசுக்குள்ளன்னு அதுல எழுதியிருக்கா?" காகிதம் சரசரத்தது, திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கவேண்டும். "எழுதலியே. ஆனா பார்த்தா தெரியுது." "எழுத்து கோணலா இருக்கா?" "கோணலுன்னு இல்ல. யாரோ கையால எழுதிக் குடுத்தாப்ல கீது" என்று சொல்லிவிட்டு, புருஷனை வெளியே கொண்டுவந்துவிட்டார்களா என்று கதவுப் பக்கம் எட்டிப் பார்க்கப் போய்விட்டாள். முதல் தாளைப் படித்துப் பழகிவிட்டதால் இரண்டாவது புரிந்திருக்கலாம் என்று சுகிர்தாவின் மனசு ஒரு முள்ளைப் போட்டது. உப்புக் கதை ஜெகதாவின் சொந்தக் கதையாக இருந்ததால் குரல் இறங்கியிருக்கலாம் என்று இன்னொன்று போட்டது. போடட்டும். பரஞ்சோதி சாரின் குரலில் போட்டாலும் எஸ்தர் டீச்சரின் குரலில் போட்டாலும் போடட்டும், அவள் காதால் கேட்டாள், கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. குரல் இறங்கின இடத்தில் முதல் எழுத்து 'கூ'. அதன் வாலை இழுத்து இழுத்து ஒரு மழைக்காலம் முழுக்க வரைந்தாள், அப்போது கதவு நிலை நேராகத்தான் இருந்தது. இல்லை, அந்த வாதமும் வேண்டாம். அப்போதே வளைந்திருந்தால்தான் என்ன? வளைந்த கண்ணோடு உட்கார்ந்து இதுதான் சரி என்று தேர்ந்தெடுத்தவள் யார்? கண்ணா தேர்ந்தெடுத்தது? ஆறு வரைந்து ஐந்தைக் கிழித்தெறிந்தது யார் கை? வேண்டுமென்றேதான் போட்டேன். இந்த வாக்கியம் அவளுக்குள் ராசாயியின் குரலில் வரவில்லை, அவள் குரலிலேயே வந்தது, நாலாம் வகுப்பிலிருந்து இருபத்தொன்பது வருஷம் காத்திருந்த மாதிரி வந்தது. அழுகை முட்டியது, மருந்து விட்ட கண்ணில் அழக்கூடாது என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது சொட்டு விட்டார்கள். ஜெகதா திரும்பி வந்ததும் போனில் குரல் பதிவு பண்ணுகிற இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். "பேசும்மா, புடிச்சிக்கினு கீறேன்" என்றாள் ஜெகதா. சுகிர்தா பேசினாள், கூடத்துக்கே கேட்கும்படி பேசினாள். "சார், சுகிர்தா. விசேஷத்துக்குப் போகலை, கண் ஆஸ்பத்திரியில இருக்கேன். என் கண்ணுல கோளாறு இருக்கு, அது வேற விஷயம். ழ ஒன்பது டிகிரி, ற பதினாலு டிகிரி, ட ஆறு டிகிரி. நீங்க அளந்தது எல்லாம் சரி. நான் வேணும்னேதான் போட்டேன். ஃபைல் தயாரா இருக்கு, நாலு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போகும், அதுல என் எழுத்துதான் இருக்கும். வேண்டாம்னா நீங்களே பட்டனைத் தட்டிச் சாய்ச்சுக்குங்க, ஆனா அந்தப் புத்தகத்துல எங்கேயும் என் பேரு இருக்கக்கூடாது." கையைக் காட்டினாள், ஜெகதா விரலை எடுத்தாள், போனது. பதினோரு வருஷ வேலை அதோடு போயிருக்கலாம். ஆனால் வாயில் மருந்துக் கசப்பு இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி டிங் என்றது. "அவருதான். படிக்கட்டுமா?" என்றாள் ஜெகதா. அதற்குள் உள்ளேயிருந்து, சுகிர்தா, சுகிர்தா யாரும்மா என்று கூப்பிட்டார்கள். "அப்புறம் படிங்கக்கா" என்று எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள்.

அறைக்குள் எல்லாமே வெள்ளையாக இருந்தது, வெள்ளைக்கு நடுவில் ஒரு பெண் டாக்டரின் குரல் இருந்தது. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கட்டம் போட்ட அட்டையில எல்லாக் கோடும் நேரா தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கு. கூட ஆள் வந்துட்டிருக்காங்கன்னும் போட்டிருக்கு. அப்புறம் என்ன தொந்தரவும்மா உங்களுக்கு?" சுகிர்தா மோவாயைக் கருவியின் பட்டையில் வைப்பதற்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டும் பொய் டாக்டர். தனியாத்தான் வந்திருக்கேன். இடது கண்ணுல கோடு வளையுது. அது நான் போட்டது இல்ல. அதை மட்டும் சரி பண்ணுங்க."